நாலாவது கட்டை

அந்த விமானத் தளத்தில் மெக்கானிக்குக்கு எதிரி நாட்டைவிடப் பெரிய எதிரி ஒருவன் இருந்தான். அவன் சொந்த மச்சினன்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. குண்டுவீச்சு விமானத்தின் வால் பக்கத்துக் கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்து பறப்பவன் என்பதாலும், குணத்தாலும், எல்லோரும் அவனை வாலு என்றே கூப்பிட்டார்கள்.

விமானம் நிற்கும்போது காற்று அதன் இறக்கையையும் வாலையும் ஆட்டிவிடாமலிருக்க, அசையும் பலகைகளில் சிவப்புத் துணி கட்டிய மரக்கட்டைகளை மாட்டி வைப்பார்கள். மொத்தம் நாலு. பறப்பதற்கு முன் இறக்கையில் உள்ள இரண்டை மெக்கானிக் எடுப்பார், வாலில் உள்ள இரண்டை வாலு எடுத்துக் கொடுப்பான். நாலும் கொட்டகைச் சுவரின் நாலு ஆணியில் தொங்கினால்தான் மெக்கானிக் புறப்படலாம் என்று கையசைக்கலாம். ஒன்று மாட்டியபடியே இருந்துவிட்டால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே எழும்பாது.

இதில் போய் எவனாவது விளையாடுவானா? வாலு விளையாடுவான். வாலிலிருந்து எடுத்ததில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நாலாவதை ஒளித்து வைப்பான். மாமன் ஏணியைத் தூக்கிக்கொண்டு விமானத்தின் வாலுக்கு ஓடி, ஏறிப் பார்த்து, மூச்சிரைக்க இறங்குவார். கட்டை அவருடைய தொப்பிக்குள்ளோ, ஒரு தடவை அதிகாரியின் நாற்காலியிலோ கிடைக்கும். மேற்பார்வையாளரிடம் வசவு வாங்குவது மட்டும் மாமன்.

வாங்கி வாங்கிச் சலித்தவர் ஒரு காரியம் செய்தார். அதே அளவில் போலிக் கட்டை ஒன்றைச் செதுக்கி, சிவப்புத் துணியும் கட்டி வைத்துக்கொண்டார். இனி அவன் ஒளித்தால் ஒளிக்கட்டும், ஆணி காலியாக இருக்காது. புத்திசாலித்தனம் என்று நினைத்து இரண்டு நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் நாள் காலை, வாலு வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தான். கையில் ஒரே ஒரு கட்டை.

"இன்னொண்ணு எங்கடா?"

"தேடுங்க மாமா. உடம்பு இளைக்கும்."

"போடா மாப்ளே, உன்னை மாதிரி ஆயிரம் பேரைப் பார்த்தவன் நான்."

மெக்கானிக் அலட்டிக்கொள்ளவில்லை. போலியை நாலாவது ஆணியில் மாட்டினார். ஏணியைத் தொடவில்லை, விமானத்தின் வாலை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாமன் ஓடப்போவதைப் பார்க்கக் காத்திருந்த வாலுவின் முகம் சப்பென்று ஆனது. அதை ரசித்துக்கொண்டே அவர் கையசைத்தார்.

விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எழும்ப வேண்டிய இடம் தாண்டியும் ஓடி, பாதை முடிந்த இடத்தில் மண்மேட்டில் மோதி வெடித்தது. வாலுவோடு சேர்த்து ஏழு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

மெக்கானிக் நாலாவது ஆணியைத் திரும்பிப் பார்த்தார். கட்டை வாலில்தான் இருந்திருக்கிறது. இந்தத் தடவை அவன் விளையாடவில்லை, எடுக்க மறந்துவிட்டான். நான்தான் பார்க்காமல் அனுப்பிக் கொன்றேன். வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. வால் பகுதி கரியாகிவிட்டது, கேட்டால் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

மத்தியானம் விசாரணை அதிகாரி ஆணிகளை எண்ணினார். "நாலும் இருக்கு. அப்போ உங்க மேல தப்பில்லை."

"ஐயா, அதுல ஒண்ணு..."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை போலிருக்கே. முதல்ல சாப்பிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பசி எங்கே இருந்தது? ஆனாலும் சொன்னதைச் செய்யும் பழக்கத்தில் அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். ரொட்டி இல்லை. சிவப்புத் துணி கட்டிய கட்டை இருந்தது. மேலே ஒரு சீட்டு, கிறுக்கல் கையெழுத்தில்:

'சாப்பாட்டை நான் முடிச்சுட்டேன். இதைக் கடிச்சுப் பாருங்க மாமா. அக்கா சுடற ரொட்டியைவிட மெத்துனுதான் இருக்கும்.'

மெக்கானிக் சிரித்துவிட்டார். வெளியிலிருந்த அதிகாரி ஓடி வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். அது அழுகையாக மாறியது அவருக்கே தெரியவில்லை. விமானம் ஏன் எழும்பவில்லை என்பதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். கட்டையால் இல்லை. இருந்தும் போலியைக் கழற்றி அதிகாரி கையில் கொடுத்து, பார்க்காமலே கையசைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அதற்கு என்ன தண்டனையோ, அது வரட்டும்.

அவர் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. அவர் பெண்டாட்டி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி எப்போதும் வெறும் வயிற்றோடு பறக்கிறான் என்பது அவளுடைய தினப்படிப் புலம்பல். அதற்காகவே ரொட்டி கூடுதலாகக் கட்டிக் கொடுப்பாள், அவனுக்கும் கொடுங்கள் என்று. அவன் தொடமாட்டான், கல் என்று கிண்டல் செய்வான்.

அழுது ஓய்ந்த குரலில் அவள் கேட்டாள். "காலையில ஏதாவது சாப்பிட்டானாங்க?"

மெக்கானிக் காலி டிபன் பாக்ஸை அவள் மடியில் வைத்தார்.

"சாப்பிட்டான். உன் ரொட்டியைத்தான். ஒரு துண்டு விடலை."