பொழுது சாய்வதற்குள் தண்ணீர்

தலைகீழாக நின்று பார்த்தும் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை.

கைசார் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழாயின் வாய்க்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தான். நேற்றாவது வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு வெயிலுக்கு என்ன குறைச்சல்? சூரியத் தகடுகள் நான்கும் பளபளவென்று மின்னுகின்றன. அண்ணி அக்மரால் விடிந்ததிலிருந்து மூன்று தரம் துடைத்துவிட்டாள். குளிர்தான் உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி.

பனி பெய்திருந்தால் இந்தப் பாடே இல்லை. மொயின்கும் பாலைவனத்து மணல்மேடுகளுக்குக் குளிர்காலத்தில் ஆடுகளை ஓட்டிவந்தால், அவை பனியைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும். காலங்காலமாக அப்படித்தான். இந்த வருடம் பாழாய்ப்போன வானம் குளிரை மட்டும் அனுப்பிவிட்டுப் பனியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டது. நானூறு ஆடுகளுக்கும் இந்த ஆழ்துளைக் கிணறுதான் கதி. அறுபது மீட்டர் ஆழம், ஒரு சாண் வாய். வாளி விட்டு இறைக்கவும் வழியில்லை.

அண்ணன் தோக்தர் காலையில் மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டும்போதே தீர்த்துச் சொல்லிவிட்டான். "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தண்ணி வரலைன்னா, நாளைக்கு விடியல்ல மந்தையை ஊருக்குத் திருப்பிடுவேன்."

ஊர் மூன்று நாள் நடை. வழியில் ஒரே ஒரு கிணறு. மந்தையில் பாதிக்குமேல் சினையாடுகள். இரண்டு நாளாக வாய் நனையாதவை. நடக்க வைத்தால் எத்தனை குட்டி வயிற்றிலேயே போகுமோ!

"என்ன பால்பல்லு, குழாய்க்குள்ள பொண்ணு தேடுறியா?" என்றாள் அக்மரால், வெந்நீர்க் கெண்டியோடு வந்தபடி.

புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள். அவள் மணப்பெண்ணாக வந்து இறங்கிய அன்று ஆறு வயதுக் கைசாருக்கு முன்பல் விழுந்திருந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர். இப்போது முப்பத்தாறு வயதில் தாடியும் தொப்பையுமாக நிற்கிறான், பெயர் மட்டும் வளரவேயில்லை.

"வேடிக்கை பண்ற நேரமா மதினி இது?"

"சிரிக்கலைன்னா அழுதுடுவேன்டா. அதான். இந்தப் பம்பு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவ நானு. உங்க அண்ணன் வாய் திறந்து திட்டினாக்கூடப் பரவாயில்லை, பேசாமப் போறாரே, அதுதான் தாங்கலை."

கைசார் குழாயில் காதை வைத்தான். "மோட்டார் ஓடுது மதினி! ம்ம்ம்னு முனகுது. தண்ணிதான் மேல வர மாட்டேங்குது."

"அப்ப நிக்காதே. மேட்டுக்கு ஏறு. இதை மாட்டிவிட்ட பையன் இருக்கான்ல ஐதோஸ், அவனுக்குப் போனைப் போடு!"

செல்போன் சிக்னல் என்பது அந்தப் பக்கத்தில் கிழக்கு மேட்டின் உச்சியில் மட்டும் கிடைக்கிற சமாச்சாரம். அதுவும் குதிரைமேல் ஏறி நின்றால்தான். கைசார் சாம்பல் குதிரையை ஒரே மூச்சில் மேலே விரட்டி, சேணத்தின் மேல் எழுந்து நின்று, போனைக் காதில் அழுத்தினான். குதிரை ஒரு தடவை தும்மியது. அவன் உயிர் போய் வந்தது.

ஐதோஸ் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினான். "மோட்டார் ஓடுதுன்னா பயப்படாதீங்கண்ணே. கிணத்து வாய் மேல மூணு மீட்டர் சிமெண்டுக் குழி இருக்குல்ல? அதுல அடிவரைக்கும் இறங்கிப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"அங்க குழாயில ஊசி மாதிரி ஒரு ஓட்டை போட்டிருக்கேன். மோட்டார் ஓடுறப்ப அதுல சர்ருன்னு தண்ணி பீச்சும். பீச்சுதா?"

கைசார் போனை இன்னும் அழுத்திப் பிடித்தான். "அந்த ஓட்டை... எதுக்கு?"

"மோட்டார் நின்னதும் குழாய்ல மேல நிக்கிற தண்ணியெல்லாம் அது வழியாத்தான் கீழ இறங்கணும். இல்லைன்னா ராத்திரியே உறைஞ்சு கட்டியாயிடும். அந்த ஓட்டைதாண்ணே உங்க பம்புக்கு உயிரு."

"யாராச்சும் அதை அடைச்சுட்டா?"

"எவனாவது அடைப்பானா? கிறுக்கனா அவன்?"

அந்தக் கிறுக்கன் சேணத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். முந்தாநாள் சாயங்காலம், குழிக்குள் சீறுகிற சத்தம் கேட்டு இறங்கியவன், ஐயோ நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று மனசு கேட்காமல், மோட்டார்சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, மேலே கம்பி போட்டு முறுக்கினான். நேரம் பார்த்துச் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"என்னடா சொல்றான்?" கீழேயிருந்து அக்மரால் கூவினாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான் கைசார். "குழிக்குள்ள இறங்கிப் பாக்கச் சொல்றான் மதினி!"

ஐதோஸ் வைத்தியத்தையும் சொன்னான்: ஓட்டையிலிருந்து ஆரம்பித்துக் கீழிருந்து மேலாக வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டும், நாலு மணிக்குமேல் தகட்டுக்கு வெயில் பற்றாது, அதற்குள் முடிக்க வேண்டும். கைசார் நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில் புழுதி. தாகம் பொறுக்காமல் மந்தை இன்றைக்கு முன்னதாகவே திரும்பிக்கொண்டிருந்தது. அடேயப்பா, அந்த மேட்டிலிருந்து அவன் இறங்கின வேகத்தைக் குதிரைப் பந்தயத்தில் காட்டியிருந்தால் பரிசு வாங்கியிருப்பான்.

ஒன்றும் சொல்லாமல் இறங்கி, ஒன்றும் சொல்லாமல் டியூபை அவிழ்த்து, ஒன்றும் தெரியாதவன் போல மேலே ஏறிவிடலாம் என்பதுதான் அவன் திட்டம். குழிக்குள் இருட்டில் கம்பியைக் குறட்டால் வெட்டி, டியூபை உருவி, மேலே வெளியில் வீசினான். சர்ர்ர்ரென்று தண்ணீர் நேரே அவன் முகத்தில் அடித்தது. வெதுவெதுவென்று நிலத்தடித் தண்ணீர்! மோட்டார் சாகவில்லை, கிணறு வற்றவில்லை! கைசார் தொண்டை கிழியக் கத்தினான், கத்தின வாய்க்குள்ளும் தண்ணீர்.

"என்னடா ஆச்சு?" குழி வாயில் அக்மரால் தலை தெரிந்தது.

"தண்ணி இருக்கு மதினி! மேல குழாய்தான் உறைஞ்சு கிடக்கு. வெந்நீர் கொண்டாங்க!"

"சமோவார்ல இருக்கிறதே ஒரு வாளிதான். அடுத்தது கொதிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். எங்க ஊத்தணும்? எதுலேர்ந்து எதுவரைக்கும் உறைஞ்சிருக்கு? சரியாச் சொல்லு!"

ஒரு வாளி. இடம் தப்பினால் போச்சு. கைசார் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த ஓட்டைலேர்ந்து மேல பூரா மதினி! தண்ணி இறங்குறதுக்குன்னு போட்ட ஓட்டை. நான்தான்... நான்தான் அதை அடைச்சுட்டேன்!"

சிமெண்டு வளையங்களுக்குள் அது கும்மென்று எதிரொலித்தது. தண்ணீர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"எதை வச்சு அடைச்சே?"

"மோட்டார்சைக்கிள் டியூப்."

"நல்லா இறுக்கினியா?"

"கம்பி போட்டு முறுக்கினேன்."

"பாவி! இவன் ஒரு வேலையும் உருப்படியாச் செய்ய மாட்டான்னு உங்க அண்ணன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. இதை மட்டும் எப்படிடா இவ்வளவு உருப்படியாச் செஞ்சே!"

அவள் சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை; அடுத்த நிமிடம் வாளி கயிற்றில் இறங்கியது, பின்னாலேயே அவளுடைய கம்பளிச் சால்வை. கைசார் சால்வையைக் குழாயில் சுற்றி, குவளை குவளையாக வெந்நீர் விட்டான். ஒரு முழம் ஏறினான், இன்னொரு முழம் ஏறினான். கொஞ்சமும் சிந்தவில்லை. மேலே ஆடுகள் வந்துவிட்டன. காலி இரும்புத் தொட்டியை நாக்கால் நக்குகிற சத்தமும், நானூறு தொண்டையின் கதறலும் குழிக்குள் விழுந்தன.

"அண்ணன் வந்துட்டாருடா! வெயில் மேற்கே சாயுது! சீக்கிரம்!"

"கடைசிக் குவளை மதினி!"

ஊற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. குறட்டின் பின்பக்கத்தால் குழாயை ஒரு தட்டுத் தட்டினான். இன்னொரு தட்டு. அவ்வளவுதான்! மேலே டொப்பென்று ஒரு சத்தம். விரல் நீளப் பனிக்கட்டி குழாய் வாயிலிருந்து பாய்ந்து தொட்டியில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தோக்தர் தடியை நீட்டிச் சினையாடுகளை முன்னால் விட்டான். அக்மரால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தாள். வெயில் மேற்கு மேட்டுக்குப் பின்னால் வழுக்குகிற வரைக்கும் தண்ணீர் நிற்கவில்லை, கடைசி ஆடும் வயிறு நிறையக் குடித்தது.

தாடியில் பனி கோத்த கோலத்தில் வெளியே வந்த தம்பியைத் தோக்தர் ஏற இறங்கப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"குழாய் உறைஞ்சு போச்சு," அக்மரால் முந்திக்கொண்டாள். "உங்க தம்பிதான் குழிக்குள்ள இறங்கிச் சரி பண்ணான்."

"யாரு, இவனா?" தோக்தர் அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "பரவாயில்லையே! ஒரு குடும்பத்தையே காப்பாத்திட்டேடா. இனிமே ஊருக்குப் போற பேச்சே கிடையாது."

முப்பது வருடத்தில் அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. கைசாருக்கு உள்ளங்கால்வரை சூடேறியது. மதினி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

வெயில் போனதும் மோட்டார் நின்றது. குழிக்குள்ளிருந்து மெல்லிய சீறல் கிளம்பியது.

"என்ன சத்தம் அது?" தோக்தர் குழிமேல் குனிந்தான். "அட, தண்ணி ஒழுகுதே! நல்ல தண்ணி வீணாப் போகுதேடா!" அவன் கால் பக்கத்திலேயே கிடந்தது டியூப் துண்டு. எடுத்தான், இழுத்துப் பார்த்தான். "இதை வச்சு இறுக்கிக் கட்டிட்டா..." ஏணியில் ஒரு காலும் வைத்துவிட்டான்.

"அண்ணே!" கைசார் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "வேணாம்! அதை அடைச்சதுனாலதான் உறைஞ்சுது! அடைச்சது நான்தான்! முந்தாநாள் சாயங்காலம், இதே டியூப்பை வச்சு!"

அக்மரால் அதற்குமேல் அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தோக்தர் தம்பியைப் பார்த்தான், கையிலிருந்த டியூபைப் பார்த்தான், ஏணியில் இருந்த தன் காலைப் பார்த்தான். மெதுவாக அந்தக் காலை எடுத்தான்.

"நான் இறங்கப் போனதை," என்றான் கரகரத்த குரலில், "அந்தப் பம்புக்காரப் பையன்கிட்ட யாரும் சொல்லக் கூடாது."

டியூபைச் சமோவார் அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள் அக்மரால். மூன்று பேரும் குழியைச் சுற்றி நின்று, அந்தச் சீறல் தேய்ந்து தேய்ந்து, கடைசிச் சொட்டும் அடங்குகிறவரை கேட்டார்கள். அதற்கப்புறம்தான் தேநீர் குடிக்க உள்ளே போனார்கள்.