கடற்கன்னியாகக் கிடந்த அத்தான்

என் அக்கா நொயெமியைக் கட்டிய எவாரிஸ்தோ அத்தானுக்கு ஹலாப்பாவில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. நல்ல மனுஷன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பாப்பலோவாபான் ஆற்றங்கரையில் பிறந்தவர் என்பதால், சின்ன வயதில் அந்த ஆற்றை வெள்ளக் காலத்தில் குறுக்கே நீந்திக் கடந்த கதையை அவர் சொல்லாத விருந்தே கிடையாது. நான் முதலில் கேட்டபோது ஆற்றில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. மூத்தவள் ஹசிந்தா பிறந்த பிறகு அந்த மரக்கட்டை முதலையாகிவிட்டது. சின்னவன் நிக்கோ பிறந்ததும் முதலைக்கு ஒரு ஜோடியும் சேர்ந்துகொண்டது.

ஹசிந்தாவுக்கு எட்டு வயது. அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை அவளுக்கு. வகுப்பில் எல்லாரிடமும் ஆறு, முதலை, வெள்ளம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தாள். நிக்கோவுக்கு நாலு. அவன் கடலையே பார்த்ததில்லை. மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கடல் ஒன்றும் வெகுதூரமில்லை. ஆனால் போகலாம் என்று முடிவு செய்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் யார் வீட்டு ஃபிரிட்ஜாவது நின்றுபோகும், அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அத்தனை ஃபிரிட்ஜும் உண்மையிலேயே நின்றனவா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

அந்த மே மாதம் அக்கா அவருடைய கைபேசியை வாங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி யார் வீட்டில் எது நின்றாலும் திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் தூறலும் பனியுமாக இருந்தது. சோற்றுப் பானை, சிவப்பு மிளகாய்ச் சாற்றில் வேகவைத்த கோழி, துணியில் சுற்றிய சோள ரொட்டி, இரண்டு தர்பூசணி, பாய், குடை எல்லாம் வண்டியில் ஏறுவதைப் பார்த்து, வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். கோழிச் சட்டி என் மடியில். நிக்கோ தன்னுடைய காற்றடைத்த பச்சை முதலையை வீட்டிலேயே ஊதியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அத்தானை ஊத வைத்திருந்தான். ஊதிய முதலை வண்டிக்குள் அடங்கவில்லை. ஆகவே அதன் வாலை ஹசிந்தா கட்டிக்கொள்ள, தலை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் அதற்கு ஹாரன் அடித்து மரியாதை செய்தார்கள்.

மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. வளைவுக்கு ஒன்றாகச் சட்டை, ஸ்வெட்டர், காலுறை என்று கழற்றிக்கொண்டே வந்தோம்.

"சித்தி, கடலை எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்று நிக்கோ என்னைக் கேட்டான்.

ஆறு மணிக்கு என்று சும்மா சொல்லிவைத்தேன். அதிலிருந்து அவன் அப்பாவின் தோளைத் தட்டித் தட்டி வேகமாகப் போகச் சொன்னான். அத்தானோ அன்றைக்கு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பொறுமையாக ஓட்டினார். சாலைப் பாதுகாப்பைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

சச்சலாகாஸ் கடற்கரையில் ஓலைப் பந்தல் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு ஊஞ்சல் வலை. நிக்கோ நேராகத் தண்ணீர் ஓரம் போய் இடுப்பில் கைவைத்து நின்றான். அலை வந்தது. பின்வாங்கினான். அடுத்த அலை வந்தபோது ஓடவில்லை. "போதும், போ" என்றான். அலை திரும்பிப் போனது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்ன சொல்வது. அதன் பிறகு வெகுநேரம் அங்கேயே நின்று கடலை விரட்டிக்கொண்டிருந்தான்.

ஹசிந்தா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு படகைக் காட்டி, அதுவரை போய்த் திரும்பிவரச் சொன்னாள். வெறும் வயிற்றோடு நீந்தக்கூடாது என்றார் அத்தான். சரி, சாப்பிட்டோம். சாப்பிட்டவுடன் நீந்தினால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்றார். குடலுக்கும் நேரம் கொடுத்தோம். அப்புறம் ஐஸ் வாங்கப் போனார். ஒரு மூட்டை ஐஸ் வாங்க இவ்வளவு நேரமா என்று அக்கா கேட்டதற்கு, நல்ல ஐஸாகப் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். கடைசியாக ஒரு விரலை நனைத்துக் காற்றில் பிடித்துப் பார்த்து, கடல் இன்றைக்குச் சரியில்லை, அடியில் இழுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், அங்க பாருங்க, கைக்குழந்தையோட ஒரு பொம்பளை இடுப்பளவு தண்ணில நிக்குது" என்றேன்.

"அவங்களுக்கு விஷயம் தெரியாது அம்பாரோ. ஆத்துல வளர்ந்தவனுக்குத்தான் தண்ணியோட குணம் தெரியும்."

ஹசிந்தா விடுவதாக இல்லை. அப்போதுதான் அத்தான் அந்த யோசனையைச் சொன்னார். என்னை மணலில் புதையுங்களேன் என்று தானே படுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். வாளி வாளியாக மணலைக் கொட்டினார்கள். கழுத்துவரை மூடியதும் ஹசிந்தாவுக்குக் கலை ஆர்வம் வந்துவிட்டது. கால்கள் இருந்த இடத்தில் நீண்ட மீன்வால் ஒன்று செய்து, சிப்பிகளைப் பொறுக்கிச் செதில் செதிலாகப் பதித்தாள். கடற்பாசியைத் தலையில் வைத்துக் கூந்தல் ஆக்கினாள். இளநீர்க்காரரிடம் நான் கேட்டு வாங்கிய இரண்டு கொட்டாங்குச்சிகளை நெஞ்சில் கவிழ்த்து வைத்தேன். அத்தானுக்கு நல்ல அடர்ந்த மீசை. அப்படி ஒரு கடற்கன்னியை அந்தக் கரை அதற்கு முன் பார்த்திருக்காது.

பக்கத்துப் பந்தலில் புவெப்லாவிலிருந்து வந்த பெரிய குடும்பம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவி ஒத்திலியா அம்மாள், பூப்போட்ட கவுன், கதவை அடைத்து நிற்கும் உடல்வாகு. அவர் தன் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு வந்து கடற்கன்னியின் இருபுறமும் உட்கார வைத்துப் படம் எடுத்தார். அத்தான் உதட்டைக் குவித்து எல்லாருக்கும் முத்தம் கொடுத்தார். யாரும் நீந்தச் சொல்ல முடியாத இடத்தில் கிடந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கேட்டது.

அக்காவும் நானும் பக்கத்துப் பந்தலில் கோழியைக் கொடுத்து அவர்கள் மீனை வாங்கிக்கொண்டிருந்தோம். காற்று திசை மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

"அப்பா, முதலை போகுது" என்று ஹசிந்தா கத்தினாள்.

திரும்பிப் பார்த்தேன். பச்சை முதலை அலைகளைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் நிக்கோவின் சிவப்புத் தொப்பி. கையிலிருந்த மீன் தட்டு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அத்தான் கத்தவில்லை. அதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூமி பிளந்ததுபோல் மணல் பிளந்தது. வால் இரண்டாகி, கொட்டாங்குச்சிகள் ஆளுக்கொரு பக்கம் பறந்தன. தலையில் கடற்பாசியோடு ஓடினார். முழங்கால், இடுப்பு, அப்படியே தலைகுப்புறப் பாய்ந்தார். பாய்ந்தவர் நீந்தவில்லை. கம்பளியைத் துவைப்பவர்போல இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். தலை மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது.

அக்கா ஓடினாள். அவளுக்கு முன்னால் ஒத்திலியா அம்மாள் கவுனோடு தண்ணீருக்குள் நடந்தார். நடந்தேதான் போனார். போய் அத்தானின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"எழுந்து நில்லுங்க ஐயா. கீழ தரை இருக்கு."

அத்தான் நின்றார். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. கரையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முதலையைக் கையால் காட்டினார்.

"என் பையன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி ஆழத்தைப் பார்த்தே போகப் பார்த்தார். ஒத்திலியா அம்மாள் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில் எங்கள் பந்தலின் ஊஞ்சல் வலை அசைந்தது. அதற்குள்ளிருந்து நிக்கோ எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் வலைக்கோடுகள் பதிந்திருந்தன. முதலைக்கு வெயில் படக்கூடாது என்று அவனேதான் தொப்பியை அதன் கைப்பிடியில் கட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான்.

"அப்பா எதுக்கு அந்தப் பாட்டியோட டான்ஸ் ஆடுறாரு?" என்று கேட்டான்.

அத்தான் கரைக்கு வந்தார். அவனைத் தூக்கித் தலையை முகர்ந்தார், கால்களைத் தடவினார், மறுபடி தலையை முகர்ந்தார். மணலும் ஈரமும் உறுத்துவதாக நிக்கோ நெளிந்தான். அக்கா அவர் தலையிலிருந்த கடற்பாசியை எடுத்துப் போட்டாள்.

ஹசிந்தா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள்.

"உனக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

அத்தான் வாயைத் திறந்தார். அடியில் இழுக்கிற கடல், குடல் முறுக்கு எல்லாம் அவர் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். பிறகு மணலில் உட்கார்ந்தார்.

"தெரியாதும்மா."

"ஆத்தைத் தாண்டினது?"

"எங்க மாமாவோட படகுல."

"முதலை?"

"முதலை இல்ல. ஒரு மாட்டைப் படகுக்குப் பின்னால கட்டியிருந்தோம். அதுதான் நீந்துச்சு."

ஹசிந்தாவின் உதடு துடித்தது. வகுப்பில் எல்லாரிடமும், டீச்சரிடமும்கூடச் சொல்லிவிட்டேனே என்றாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிப்பிகள் சிதறிக் கிடந்த வாலைப் பார்த்தாள்.

"தெரியாம எதுக்குத் தண்ணிக்குள்ள போன?"

அவர் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தெரியாதுங்கறது அப்ப ஞாபகத்துக்கு வரலம்மா."

ஹசிந்தா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படியான முதுகு. ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, கடைசியில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

முதலை ஒரு பச்சைப் புள்ளியாகிவிட்டது. நிக்கோ அழுவான் என்று பயந்தோம். அவன் அதற்குக் கையசைத்தான். அது தன் அம்மாவைப் பார்க்கப் போவதாகவும், தொப்பி இருப்பதால் ஒன்றும் ஆகாது என்றும் எங்களுக்கு ஆறுதல் சொன்னான்.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், உனக்கு இது முன்னாலேயே தெரியுமா என்று. கல்யாணமான புதிதில் நீச்சல் குளம் உள்ள ஓட்டல் ஒன்றில் தங்கினார்களாம். தினமும் காலையில் அத்தான் தோளில் துண்டோடு இறங்கிவந்து, குளத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவாராம்.

"அப்புறம் ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?"

"மத்த எதுலயும் அவன் எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா. அப்புறம் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "ஆனா மாடுன்னு எனக்கும் தெரியாது."

சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சட்டியை வைத்துவிட்டுச் சிரித்தோம்.

வெயில் தணிந்ததும் மூன்று பேரும் கடலோரத்தில் உட்கார்ந்தார்கள். அத்தான் நடுவில், இரண்டு பக்கமும் பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. நெஞ்சளவு அலை வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊளையிட்டார். பயப்பட வேண்டாம், நான் அதை அனுப்பிவிடுகிறேன் என்று நிக்கோ சொன்னான். ஹசிந்தா மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். கிளம்பலாம் என்று அக்கா மூன்று தடவை சொன்ன பிறகும் வராமல் அடம்பிடித்தது அத்தான்தான்.

கிளம்பும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. உடம்பு முழுக்க மணலுக்குள் இருந்ததால் வெயில் மொத்தமும் அவர் முகத்தில் அடித்திருந்தது. கழுத்துக்குக் கீழே வழக்கமான நிறம், மேலே தக்காளி. ஒத்திலியா அம்மாள் தன் ஐஸ் பெட்டியிலிருந்து தயிரை எடுத்து, மறுப்பு எதையும் கேட்காமல், அவர் முகமெங்கும் அப்பிவிட்டார். அப்படியே வண்டியை ஓட்டினார். வழியில் பெட்ரோல் போட்ட பெண் குனிந்து உள்ளே பார்த்து, கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டு, கண்ணாடியையும் துடைக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

முகத்துத் தோல் உரிந்து முடிவதற்குள் ஹசிந்தா அவரை ஊர் நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டாள். தானும் சேர்ந்தாள். அவள் சீக்கிரமே பெரிய பிள்ளைகளோடு நீளவாட்டில் நீந்தப் போய்விட்டாள். அத்தானைத் தொடக்க வகுப்பில் போட்டார்கள். பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டு, ஆனால் அது ஃபிரிட்ஜ் வேலைக்கு ஒத்துவரவில்லை. போன சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். இடுப்புயரப் பிள்ளைகளின் வரிசையில் ஏழாவதாக, மஞ்சள் ரப்பர் தொப்பியும் மீசையுமாக, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி நின்றிருந்தார். முன்னால் நின்ற சிறுமி ஏதோ கேட்டாள். அவர் குனிந்து பதில் சொன்னார். விசில் ஊதினார்கள். அவள் குதித்தாள். அவர் ஓரத்துக்கு வந்து, என்னை ஒருமுறை பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.