ஒன்றரை மணி நேரம்

ராஜம்மாவுக்கு நான் தர வேண்டியிருந்தது ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். படப்பையில் அவள் புருஷன் விட்டுப்போன முக்கால் காணியை விற்ற பணம். என் தம்பி கன்னியப்பனுக்குப் பெண் கொடுத்தவள் அவள். மரகதம் ஒரே மகள். ஆண் பிள்ளை இல்லை.

எழுபத்தொன்பதில் தம்பிக்குத் துபாயில் கொத்து வேலை கிடைத்தது. ஏஜெண்டு டிக்கெட்டோடு ஒரகடத்துக்கே வந்து பணம் கேட்டான். ராஜம்மா நிலத்தை விற்க இசையவில்லை.

"நான் செத்தா கொள்ளி வெக்க மாப்பிள்ள வருவாரா? அதச் சொல்லுங்க மொதல்ல. அதுக்குத்தான் இந்த நெலம்."

கல்லுடைத்து உடம்பு தேய்ந்தபின், நாற்பத்திரண்டு வயதில் முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். ஏஜெண்டு கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். பம்பாயில் பத்துக்கு ஏறுவது, துபாயில் பதினொன்றரைக்கு இறங்குவது என்று ஏஜெண்டு விரல் வைத்துக் காட்டினான்.

"ஒன்றரை மணி நேரம் அத்த. பூந்தமல்லிக்கு பஸ்ஸுல போற நேரம்."

"மெய்யாலுமா பரசுராமா?"

"படிச்சிட்டுத்தான் சொல்றேன். பணத்துக்கு நான் பொறுப்பு."

அந்த வாரமே ராஜம்மா நிலத்தை விற்றாள். ஏஜெண்டு வந்து பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டான்.

தம்பி துபாய் போன பதினோராம் மாதம் ஒரு காலை ராஜம்மா செத்துப்போனாள். ஸ்ரீபெரும்புதூர் போய்த் தந்தி அடித்தேன். பொழுது சாய்வதற்குள் எடுக்கணும் என்றது ஊர். தம்பி வந்துவிடுவான் என்று நான்தான் தடுத்தேன். மறுநாள் உடம்பு ஊத ஆரம்பித்தது.

"இன்னா பரசுராமா, உன் தம்பி ஏரோப்ளேன்ல வரானா, மாட்டுவண்டி கட்டிகினு வரானா?" என்றார் ராஜம்மா புருஷனின் பங்காளி அப்பாவு.

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா இராமச்சந்திரன் பதிலைப் படித்துச் சொன்னார்: பாஸ்போர்ட் கம்பெனி கையில், லீவு இல்லை, காரியத்தை முடிக்கவும்.

"ஒன்றரை மணி நேரம்தானே சார்? பத்துக்கு ஏறினா பதினொன்றரைக்கு எறங்கலாமே?"

"அட போய்யா. பத்து நம்ம டைமு, பதினொன்றரை அவங்க டைமு. அங்க கடியாரம் ஒன்றரை மணி பின்னாடி. மூணு மணி நேரம் ஆவும். ஆயிரத்து எரநூறு மைலுய்யா! அப்பறம் பம்பாய்லேர்ந்து மெட்ராஸுக்கு வேற வரணும்."

ஒன்றரையோ மூன்றோ, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவனிடம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ராஜம்மாவிடம் ஒன்றரை என்று படித்துச் சொன்னது என் வாய்.

நிலத்தை விற்ற கோபத்தில் பங்காளிகள் கொள்ளிச்சட்டியைத் தொடவில்லை. நானே தலை மழித்துக் கொள்ளி வைத்தேன்.

பதினாறாம் நாள் செத்தவளுக்கு வர வேண்டியது உண்டா என்று ஊரார் கேட்டார்கள். நான் எழுந்து தொகையைச் சொன்னேன். மாதம் நாற்பது ரூபாயாகத் தந்துவிடுகிறேன் என்றேன்.

"வாணாம் மாமா," என்றாள் மரகதம். "கொள்ளி வெக்கறவருக்குத்தான் நெலம்னு அம்மா சொல்லிச்சு. நீங்க வெச்சிட்டீங்க. உங்க கூலி அது."

ஊர் சரி என்றது. மொட்டைத் தலையோடு உட்கார்ந்தேன். கடன் தீர்ந்துவிட்டது.