வடம் லேசானபோது

ஆறுமுகசாமி மேஸ்திரியை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க பாறை, அப்பளம்" என்றார். அதே பாறையைப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு முன் வந்த கிணறு வெட்டிகள் எல்லோரும் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கேரளம் என்று தனி மாநிலம் ஆன அடுத்த வருடம் அது. எருத்தேன்பதியில் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் கிணறு வற்றி, மாடுகள் சும்மா நின்றன. தண்ணீர் காணாவிட்டால் விளைச்சல் காட்டை அப்படியே போட்டுவிட்டுச் சாந்தன்பாறைக்கு ஏலக்காய் எஸ்டேட் கூலிக்குப் போவதென்று என் வீட்டுக்காரர் சென்னியப்பன் முடிவு செய்திருந்தார். அந்தக் குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் போக எனக்கு மனமில்லை. ஆனாலும் சொன்னேன்.

"அந்தாளு வாயத் தொறந்தாப் பெருமைதானுங்க. வேற யாரையாச்சும் பாருங்க."

"பெருமையில்லாதவனெல்லாம் வந்து பாத்துப்போட்டுப் போயிட்டானுகளே, நாச்சம்மா. பயந்தவன் பாறைய ஒடைக்க மாட்டான். இவன் திமிரு நமக்கு ஆகும்."

ஆகத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மற்ற மேஸ்திரிகள் கையை வைத்துத் தடவிப் பார்த்துத் தயங்குகிற இடத்தில் இவர் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இங்க தமர் அடி" என்று குழி போடச் சொல்லுவார். அந்தப் பேச்சில் கூலிக்காரர்களுக்கும் கை ஓடியது. பாறையில் குழி விழுந்தது, வெடிமருந்து கெட்டித்தார்கள், வேட்டு வெடித்தது, கிணறு இறங்கியது. ஊரில் பாதிப்பேர் அவரைத் திட்டிக்கொண்டே மெச்சினார்கள். நான் சோற்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வேட்டு வைக்கும்போது எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டு இரண்டு பேர் மட்டும் அடியில் நிற்பார்கள். ஒரு பக்கத்துத் திரியை மேஸ்திரி கொளுத்துவார், மறுபக்கத்தை என் வீட்டுக்காரர். வேறு ஊர்களில் ஆட்கள் கையால் கயிறு இழுத்துத் தூக்குவார்களாம். எங்களுக்கு அத்தனை ஆள் கிடையாது, மாடு இருந்தது. மாடு பூட்டிக் கவலை இறைக்கிற வடத்தில், தண்ணீர் மொள்ளும் தோல் பறியைக் கழற்றிவிட்டு ஒரு குறுக்குக் கட்டையைக் கட்டினோம். இருவரும் அதில் காலை வைத்து நின்று வடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். என் கொழுந்தன் கருப்புசாமி மாட்டைச் சரிவில் ஓட்டுவார். கட்டை மேலே வரும்.

கவலை மாட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். மேலே வந்த பறி தண்ணீரைக் கொட்டியதும் வடம் லேசாகிவிடும். லேசானது தெரிந்தால், யாரும் சொல்லாமலே பின்னுக்கு நடந்து மேடேறும். பறி மறுபடி கிணற்றுக்குள் போகும். பழக்கும்போதே அப்படித்தான் பழக்குகிறோம். இவர்கள் இருவரும் கரைக்கு வந்து சேர்ந்தாற்போல் இறங்கியதும் மாடு பின்னுக்குப் போகும், வெறும் கட்டை உள்ளே போகும். அதனால் எதுவும் கெடவில்லை. யாருக்கும் எந்த யோசனையும் வரவில்லை.

அன்று வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது; நானும் கரையில் நின்றேன். பாறை ஈரம் கசிகிறது, இந்த வேட்டில் தண்ணீர் வந்துவிடும் என்று மேஸ்திரி முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். திரியைக் கொளுத்தியாயிற்று. கட்டை மேலே வந்துகொண்டிருந்தது. கரையை ஒட்டி மேலே மட்டும் இருந்த படிக்கட்டு கைக்கு எட்டும் உயரம் வந்ததும் மேஸ்திரி கட்டையை விட்டுப் படியில் தாவினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டுச் சத்தம் பின்னால் கேட்க, மாப்பிள்ளை மாதிரி நடந்து வர நினைத்தார் போலிருக்கிறது.

வடம் லேசாயிற்று. மாடுகள் நின்றன. பின்னுக்கு நடந்தன.

கருப்புசாமி கத்தினார், அடித்தார். மாடு திரும்ப முன்னால் அடி வைப்பதற்குள் வேட்டு வெடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் கட்டையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. கருமாதி அன்றும் வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். கல்லாகத்தான் இருந்தேன், என்ன செய்ய? மேஸ்திரி வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

அந்த வேட்டில் தண்ணீர் வந்துவிட்டது. இனிப்புத் தண்ணீர். சாந்தன்பாறைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மாட்டை விற்றுவிடலாமா என்று கொழுந்தன் கேட்டார்.

"எதுக்குங்க? பழக்குன வேலையச் சரியாத்தான செஞ்சுதுக" என்றேன். அந்த மாடுகளே இறைக்கின்றன. நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

அடுத்த கோடையில் பக்கத்துக் காட்டுக் கமலாத்தாள் கிணறு வெட்ட ஆரம்பித்தாள். மேஸ்திரி ஆறுமுகசாமிதான். ஒருநாள் என் வாசலில் வந்து நின்று புலம்பினாள்.

"ஒரு குழி போடறதுக்கு ஒம்பது தடவ தடவிப் பாக்கறான். நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்ங்கறான். என்ற தென்னம்பிள்ளையெல்லாம் காயுது. பழைய திமிருல பாதி இருந்தாக்கூட இன்னேரம் தண்ணி வந்துருக்கும். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நீ சொன்னாத் தேறிக்குவான்."

என் புருசனைத் தின்ற திமிரை நானே போய் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கோபம்கூட வரவில்லை. அவளுடைய தென்னம்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், காய்ந்துதான் போயிருந்தன. நடந்ததை மனதில் வைக்காமல் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

நான் போனபோது திரியைக் கொளுத்திவிட்டு மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாடு இல்லை, ஆட்கள்தான் இழுத்தார்கள். அவர் தனியாகத்தான் கட்டையில் நின்றார். கரைக்கு வந்தார். இரண்டு காலும் மண்ணில் பதிந்துவிட்டன. ஆனாலும் வடத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வேட்டு வெடித்தது. அதற்கும் அசையவில்லை.

"தெனமும் இதே கூத்துதானுங்க. கைய நாங்கதான் பிரிச்சு உடோணும்" என்றான் கயிறு இழுத்தவன்.

அப்போதுதான் மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

"எறங்கலாமுங்களா, ஆத்தா?" என்று கேட்டார்.

"எறங்குங்க மேஸ்திரி. எல்லாரும் மேல வந்தாச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அத்தனை பேர் முன்னால், அந்தக் காட்டு மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவர் அப்போதும் வடத்தை விடவில்லை.