குழியில் கிடைத்த சேவல் கோப்பை

“இந்தச் சீனக் கோப்பை நம்ம வீட்டுக்கு எதுக்கு?”

“எனக்குச் சோறு போட்டுச் சாப்பிடத்தாங்க. வெலை கம்மி. உங்களுக்குத்தான் வெண்கலத் தட்டு இருக்குல்ல.”

“சேவல் வேற வரைஞ்சிருக்கு. சாப்பிடறப்போ கூவிடப் போவுது.”

1948இல் சிங்கப்பூரில், கல்யாணமான மறுவாரம் பாலகிருஷ்ணனும் கண்மணியும் பேசிக்கொண்டது இது. சிரித்தபடியே அவர் சாப்பிட உட்கார்ந்தார். நானும் கூட உட்காரட்டுமா என்று கேட்க வாயெடுத்தவள், கதவோரம் நின்ற மாமியாரைப் பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

மாமியார் தவறி ஆறு வருடமாகிவிட்டது. கேட்க நினைத்தது மட்டும் அப்படியே கிடந்தது. பதினாறு வருடமாக அவர் கூடத்தில் முதலில் சாப்பிடுகிறார். அவள் பிறகு அடுப்படியில், சேவல் கோப்பையில். மூன்று உடைந்து, இது நாலாவது சேவல்.

1964இல் ஒரு மாலை, அருங்காட்சியகத்தில் குமாஸ்தாவாக இருந்த பாலகிருஷ்ணன் களைத்துப்போய் வந்து ஒரு பட்டியலை விரித்தார். பஃபலோ ரோட்டில் இடித்த வீட்டின் பின்னால், பழைய குப்பைக் குழியைத் தோண்டியதில் கிடைத்த உடைசல்கள். காலையில் கொடுத்தாக வேண்டும்.

“எல்லாம் சேவல் கோப்பை, நீலப்பூத் தட்டு. சீனர் குடும்பம்னு எழுதச் சொல்லிட்டாரு ஆபீசர்.”

நாளெல்லாம் ரவிக்கை தைத்து வலித்த கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கண்மணி கேட்டாள். “எந்த வீடு?”

“மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து வீடு.”

“அது ரத்தினம்மா அக்கா வீடுங்க. யுத்தத்துக்கு முந்தியிலேருந்து அவங்கதான் இருந்தாங்க.”

பேனா நின்றது. “நம்மாளுங்க வீடுன்னா வெண்கலம் பித்தளைன்னு ஒண்ணாவது கெடைக்கணும்லா.”

“கீறல் விட்ட வெண்கலத்த யாரு குழியில போடுவா? பழைய சாமான் வாங்குற காரங்குனிக்காரன் எடைக்கு வாங்கிட்டுப் போயிடுவான். ஒடைஞ்ச கோப்பை அவனுக்குக்கூட வேணாம். நம்ம குழியத் தோண்டினாலும் உங்க தட்டு கெடைக்காது. நான் சாப்பிட்ட கோப்பைதான் கெடைக்கும். நம்மளையும் சீனர் குடும்பம்னு எழுதிட்டுப் போங்க.”

அவர் ‘சீனர் குடும்பம்’ என்று எழுதியதை மெதுவாக அடித்தார். ‘தமிழ்க் குடும்பம்’ என்று எழுதினார். இன்னும் ஏதோ எழுத நினைத்தவர் போல நிப்பை அங்கேயே வைத்திருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

“சோறு போடு கண்மணி. பசிக்குது.”

வெண்கலத் தட்டில் சோற்றைப் போட்டாள். வழக்கம்போலக் கரண்டியோடு நின்றாள். கால் கடுத்தது. அடுப்படிக்குப் போய் சேவல் கோப்பையை எடுத்து வந்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இனிமே நானும் உங்ககூட உக்காந்து சாப்பிடட்டுமாங்க?”