பத்து நிமிடக் கெடு

பன்னிரண்டு மணிக்குள் மருந்துக் கிடங்கும் ஆஸ்பத்திரி கவுண்டரும் கம்ப்யூட்டரில் ஒன்றையொன்று பார்க்காவிட்டால் கிடங்கை மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தக் கிடங்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள், கம்பெனியின் நெட்வொர்க் வேலை பார்க்கும் சின்னவளின் அக்கா. ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். விட்டேனா பார் என்று சின்னவள் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கோளாறு, இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், பூட்டிய அறையில் லைன்களை இணைத்துக்கொண்டிருக்கும் கிழட்டு ரவுட்டரில். எந்த ஊருக்கு எந்த வழி என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்லும் பழைய முறை ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதிலும் ஒரு வாசலில் கேட்டதை அதே வாசலில் திருப்பிச் சொல்லாது. கிடங்கு லைனும் கவுண்டர் லைனும் வருவது ஒரே வாசலில்; அதனால் ஒன்றுக்குப் போகும் வழி மற்றதற்குத் தெரியவில்லை. போன வாரம் சிக்கனம் என்று அப்படிக் கட்டவைத்த புண்ணியவான் மேனேஜர்தான். அதை யார் வாயைத் திறந்து சொல்வது?

பதினொன்று முப்பத்தைந்துக்கு, "பத்து நிமிஷத்தில் நீயே அணைந்து எழுந்திரு" என்று ரவுட்டருக்கு உத்தரவு போட்டாள். தூரத்திலிருந்து கைவைக்கிறவர்கள் செய்கிற ஏற்பாடுதான். தப்பாகி லைன் அறுந்தால், சேமிக்காத மாற்றத்தை மறந்து அது பழையபடி எழுந்துவிடும். பிறகு அந்த வாசல் தடையை நீக்கினாள்.

"அடியே, வந்துடுச்சுடி! கவுண்டர் தெரியுது!" போனில் அக்கா கத்தினாள்.

சின்னவள் துள்ளிக் குதித்தாள். இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாற்றத்தைச் சேமிக்கவில்லை, உத்தரவை ரத்து செய்யவும் மறந்தாள். நாற்பத்தைந்துக்கு ரவுட்டர் சொன்னபடி அணைந்தது.

"என்னடி, எல்லாம் போயிடுச்சு?" அக்கா பதறினாள். சின்னவள், அட மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"போதும்மா, விட்டுடு," என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர்.

"பன்னெண்டு அடிக்கட்டும் சார். அப்புறம் சொல்லுங்க."

அந்தக் கிழம் ஆடி அசைந்து எழ ஆறு நிமிஷம் ஆனது. சின்னவள் மறுபடி முதலில் பத்து நிமிடக் கெடுவைத்தான் போட்டாள்.

"திரும்பவும் அதேவா?"

"அறுந்தா, போய் எழுப்ப அங்க ஆளில்ல சார்."

தடையை நீக்கினாள். அரை நிமிஷம் ஒரு யுகமாக நகர்ந்தது. வந்துடுச்சு என்று போனில் அக்கா மறுபடி கத்தினாள்.

"சும்மா இரு அக்கா, ஒரு நிமிஷம்!" கெடுவை ரத்து செய்தாள். சேமித்தாள். சேமித்ததை இரண்டு தடவை படித்தாள். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

"இப்ப சொல்லுக்கா."

"இருடி, கவுண்டர்ல ஒரு குழந்தைக்கு ஊசி மருந்து கேக்குறாங்க. அவசரமாம். எடுத்து அனுப்பிட்டு வரேன்."

அக்கா போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டாக மூன்று நிமிஷம் இருந்தது. சின்னவள் போனை மேனேஜரின் காதருகே நீட்டினாள்.