இடிக்க வேண்டிய வீடு

பேருக்குத்தான் நான் தயாரிப்பாளர். தம்பிக்குப் படம் எடுக்கக் கம்பெனி வேண்டும், கம்பெனி பிழைக்க நான் வேண்டும்.

கிடங்கு ஒன்றைப் பிடித்து, அவன் படத்துக்காகப் பலகையில் ஒரு வீடு போட்டோம். கேமரா நுழைய ஒரு பக்கம் சுவரே கிடையாது. குழாயில் தண்ணீர் வராது. கடைசிக் காட்சியில் அந்த வீடு இடிபட வேண்டும். படத்தில் அந்த வீட்டுக் குழந்தையாக நடிக்கும் என் மகள் நின்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் குக்கர் விளம்பரத்துக்கு ஒருவர் வீட்டைக் கேட்டார். பிறகு பெயின்ட், பிறகு மெத்தை. அந்தப் பொய் வீட்டின் வாடகையில்தான் எல்லோருக்கும் சம்பளம் போட்டேன். கறக்கிற மாட்டை எந்த மடையன் வெட்டுவான்? தம்பியோ விளம்பரம் என்றால் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். "அடுத்த மாசம் இடிக்கலாம்டா" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மகள் வளர்ந்துகொண்டே வந்தாள். கவுனை இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று.

பிஸ்கட் விளம்பரக்காரர்கள் வரவேண்டிய அன்று, காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவள், "அம்மா, பல்லு ஆடுது" என்றாள். முன்பல்.

தம்பி குனிந்து பார்த்தான்.

"விழுந்துட்டா?" என்றேன்.

"மத்த காட்சியோட ஒட்டாது. புதுசு முளைக்கறதுக்குள்ள இவ வேற ஆளாயிடுவா. படம் அவ்வளவுதான்க்கா."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பாவி, மெல்லச் சொன்னான். "சரி, பிஸ்கட்காரங்க வந்துடுவாங்க, நீ கிளம்பு" என்று வேறு சொன்னான். எனக்குத் தாங்கவில்லை.

விளம்பரக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றேன். வாங்கிய திட்டை எழுத முடியாது. கேமராமேனையும் தச்சரையும் வரச்சொன்னேன். மகளை எதையும் கடிக்கவிடாமல் பாலை மட்டும் குடிக்க வைத்தேன்.

மதியம் சம்மட்டி விழுந்தது. சமையலறை, படுக்கையறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிய, மகள் அசையாமல் பார்த்தாள். தம்பி "கட்" சொன்னான். பல் நின்றது, படம் முடிந்தது.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, இனிமே எதை வாடகைக்கு விடுவோம்?"

தம்பி, "மாமாவைத்தான்" என்றான். அவள் சிரித்தாள்; அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்த பிஸ்கட்காரர் நம்பரைக் குடு. விளம்பரத்தை நானே எடுத்துத் தரேன்னு கேட்டுப் பாக்கறேன்."

நம்பரைக் கொடுத்தேன். அவன் அந்த ஆளிடம் "சார், மன்னிச்சுக்குங்க சார்" என்று ஆரம்பித்ததும் நான் அழுதுவிட்டேன்.